சபையடி

மாகாண சபைத் தேர்தல் நடக்கப்போகிறது என்ற கதை ஒவ்வொரு வருடமும் கச்சான் காற்றோடு வரும். மாரி மழை பிடிப்பதற்குள் அடங்கிவிடும். இளையதம்பி அதற்குப் பழகிப்போயிருந்தார். ஆனால் இந்த முறை கதை மட்டும் வரவில்லை, கட்சியின் மாவட்டச் செயலாளரிடமிருந்து தொலைபேசியும் வந்தது.

"ஐயா, உங்கட பேரும் கதைபடுது. ஊர் ஒத்துக்கொண்டா மேல அனுப்பலாம் எண்டு இருக்கிறம்."

"ஊர் எண்டா?"

"ஊர்தான். வாற ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் வையுங்க. மீனவர் சங்கம், மாதர் சங்கம், கோயில் நிருவாகம், பொடியன்மாரின்ர கழகம், எல்லாரும் ஓம் எண்டு சொல்லோணும். சொன்னா நீங்க. இல்லாட்டி கம்சாயினி."

இளையதம்பி தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தார். மனைவி சுலோஜனா முற்றத்தில் கொச்சிக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"சபைக்குப் போறியா எண்டு கேக்கிறாங்க."

"எந்தச் சபைக்கு? பூட்டிக் கிடக்கிற சபைக்கா?"

"பூட்டல்ல சுலோ. ஒத்திவைச்சிருக்கு."

சுலோஜனா நிமிர்ந்து பார்த்தாள். பூட்டுவதற்கும் ஒத்திவைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி இந்த வீட்டில் பல வருடங்களாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் பக்கம் உண்மை இருந்தது. சபையின் காலம் 2017இல் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை, சபையும் இல்லை. ஆனால் இளையதம்பி கடைசியாகக் கொடுத்த பிரேரணைக்கு 'அடுத்த அமர்வில் எடுத்துக்கொள்ளப்படும்' என்றுதான் தவிசாளர் சொல்லியிருந்தார். அந்த அடுத்த அமர்வு இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் என்பது அவருடைய கணக்கு.

சபைக்குப் போவதற்கு முன்னர் அவர் வட்டை விதானையாக இருந்தவர். கோரைமுனைக்கு மேற்கே கிடக்கும் வயல் வட்டைக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும்போது யார் வயலுக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று முறை வைத்துத் திறந்துவிடும் வேலை. விவசாயிகள் கூடிக் கைதூக்கித் தெரிவுசெய்வார்கள். அந்த வேலையில் நல்ல பெயர் எடுப்பது கடினம். இளையதம்பி எடுத்திருந்தார். 2012இல் கட்சிக்குப் படுவான்கரையிலிருந்து பழுது சொல்ல முடியாத ஒரு ஆள் தேவைப்பட்டது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை, சூரியன் படும் பக்கமென்பதால், படுவான்கரை என்பார்கள். எதிர்க்கரை எழுவான்கரை. பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் பெரிய கடைகளும் அந்தக் கரையில். வாக்குக் கேட்டுப் போன இடமெல்லாம் இளையதம்பி ஒன்றைத்தான் சொன்னார்: "எனக்குப் பேசத் தெரியாது. முறை தவறாமக் கேக்கத் தெரியும்." பட்டியலின் அடியில் இருந்து மயிரிழையில் வென்றார்.

அந்த ஐந்து வருடங்களை நினைத்தால் அவருக்கு முதலில் வருவது சபா மண்டபமல்ல. அசனாரின் வெள்ளை வான்தான்.

அசனார் ஏறாவூர்க்காரர். எதிர்க்கட்சி. பொலநறுவைக்கு அரிசியும் புடவையும் ஏற்றி வியாபாரம் செய்தவர், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. முதல் அமர்வுக்கு இளையதம்பி பஸ்ஸில் வந்து வியர்த்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, "மச்சான், உள்ளுக்கு நாம எதிரி. ரோட்டுல என்னத்துக்கு எதிரி? என்ட வானுல வா" என்றார். அன்றிலிருந்து அமர்வு நாளென்றால் அசனார் விடிகாலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வானை எடுப்பார். இளையதம்பி இரவே கரை தாண்டி ஏறாவூரில் மருமகன் வீட்டில் படுத்திருப்பார். ஓட்டமாவடியில் றொட்டியும் தேத்தண்ணியும். வாகரையில் கடல் தெரியும் இடத்தில் அசனார் ஒருமுறை நிறுத்துவார், காரணம் எதுவும் சொல்லமாட்டார். வெருகல் ஆற்றைத் தாண்டும்போது அன்றைய நிகழ்ச்சி நிரலைப் பற்றிச் சண்டை தொடங்கும். திருகோணமலை வந்து சேரும்போது இருவரும் பேசாமல் இருப்பார்கள். பின்னேரம் திரும்பி வரும்போது மண்டபத்தில் ஒருவரை ஒருவர் கிழித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நீ என்னப் பாத்து 'பொறுப்பற்ற உறுப்பினர்' எண்டு சொன்னாய். ஊட்டுல றமீஸாக்கு நான் என்ன பதில் சொல்ற? அவ நாப்பது வருசமா அதத்தான் சொல்றா, இப்ப சபைப் பதிவுலயும் ஏறிட்டு."

இளையதம்பி முன் கதிரையில் இருந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே திரும்பவும் போகலாம் போலிருக்கும்.

ஆனால் அவர் திரும்பவும் போக விரும்பியது அதற்காக அல்ல. ஒரு சொல்லுக்காக.

மட்டக்களப்பில் வாவியைக் கடக்கும் மிதவையைப் பாதை என்பார்கள். தகரப் பீப்பாய்களைக் கட்டி மேலே பலகை அடித்து, ஆட்களும் சைக்கிளும் மாடும் உழவு இயந்திரமும் ஏறிப் போகும் சதுரமான மிதவை. 'பாதை அங்கால நிக்குது', 'பாதை வாறதுக்குள்ள ஒரு வெத்திலை போடுவம்' என்பார்கள். வண்டி போகும் வழிக்கு அவர்கள் வாயில் றோட்டு என்றுதான் பெயர். கோரைமுனைப் பாதை யுத்தக் காலத்தில் சூடு பட்டு, கரையோரமாகவே தாழ்ந்து போனது. அதைத் திருப்பிக் கேட்கத்தான் ஊர் இளையதம்பியை அனுப்பியது.

அவருடைய கன்னிப் பேச்சு அதைப் பற்றியது. எழுதாமல் பேசினார். மண்டபம் அமைதியாகக் கேட்டது.

"தவிசாளர் அவர்களே, கோரைமுனை மக்களுக்குப் பாதை இல்லை. முந்தி ஒரு பாதை இருந்தது. அது தண்ணீரில் தாழ்ந்து கிடக்கிறது. பாதை இல்லாததால் பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்கள் கரையிலேயே காத்துக் கிடக்கிறார்கள். எங்கள் நெல் கரையிலேயே முளைக்கிறது. மாடமாளிகை கேட்கவில்லை. ஒரு பாதை தாருங்கள்."

சிங்கள உறுப்பினர்கள் காதுமாட்டிகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். பொறுப்பான அமைச்சர் எழுந்து, மனம் நெகிழ்ந்துவிட்டதாகச் சொல்லி, அந்த வருடத்து ஒதுக்கீட்டிலேயே செய்து தருவதாக வாக்களித்தார். எதிர்வரிசையிலிருந்து மேசையில் தட்டியவர்களில் அசனாரும் ஒருவர்.

சில மாதம் கழித்து உத்தியோகத்தர் ஒருவர் அளவு நாடாவோடு கோரைமுனைக்கு வந்தார். இளையதம்பி அன்று திருகோணமலையில். "பழைய பாதை எந்த இடத்தில் தாழ்ந்தது?" என்று வந்தவர் கேட்டார். ஊரார் கூட்டமாக அழைத்துப்போய் வாவிக்குள் தெரிந்த இரும்புத் துண்டைக் காட்டினார்கள். அவர் சந்தியிலிருந்து அந்த இரும்பு வரைக்கும் அளந்துகொண்டு போனார். பாதை எவ்வளவு பெரிதாக வரும் என்று பார்க்கிறார் என்று ஊர் நினைத்தது.

பாதை வருகிறது என்று செய்தி வந்த காலை, மாதர் சங்கத் தலைவி சீதேவி கும்பம் வைத்தாள். மாலை கட்டினார்கள். பறைமேளம் வந்தது. ஊர் முழுவதும் கரையில் நின்று, எழுவான்கரைப் பக்கமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இளையதம்பியும் வெள்ளை வேட்டி சால்வையோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு முன்னால் நின்றார். அப்போது முதுகுக்குப் பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கிறவல் ஏற்றிய டிப்பர். அதன் பின்னால் இன்னொன்று. முதல் டிப்பரின் சாரதி தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் விலகுங்க, றோட்டுப் போட வந்திருக்கம்" என்றான்.

மேளக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. அவருக்குப் பின்னால் நடந்தது தெரியவில்லை.

விசயத்தை அவிழ்த்தவர் அசனார்தான். அடுத்த அமர்வில் சிற்றுண்டிச்சாலையில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து உட்காரவைத்தார். மலையகத்துப் பிள்ளை, கண்டியில் படித்தவர், நல்ல மனுசன். "பாதைன்னா 'பார'ன்னுதான் சொன்னேன் சார். பாதைன்னா பாரதானுங்களே?" என்றார். சிங்களத்தில் றோட்டுக்குப் 'பார'. வாவியைக் கடக்கும் மிதவைக்குப் 'பாருவ'. அன்று மாலை வெருகல் பாலம் தாண்டும் வரைக்கும் அசனாரால் வானை நேராக ஓட்ட முடியவில்லை.

"ஒரு 'உவ' மச்சான்! ஒரு 'உவ' கொறஞ்சி போச்சி! அதுக்குள்ள ஒன்ட பாத தாந்து போச்சி!"

இளையதம்பிக்கு அன்று சிரிப்பு வரவில்லை. வீதியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாமா என்று கேட்டுப் பார்த்தார். ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பிப் போகும், பிறகு எதுவும் வராது என்றார்கள். அப்படித்தான் கோரைமுனையில் அந்தக் கொங்கிறீட் வீதி வந்தது. அகலமான, உறுதியான, ஒரு வெடிப்பும் இல்லாத வீதி. சந்தியில் தொடங்கி நேரே போய், கரையைத் தாண்டி, பழைய பாதை தாழ்ந்த இடம் வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கி முடிந்தது.

சீதேவி முதலில் அதைச் 'சபை தந்த றோட்டு' என்றாள். வேண்டுமென்றே குத்தித்தான் சொன்னாள். பிறகு அது சபை றோட்டு ஆனது, பஸ் தரிப்பிடம் வந்ததும் சபையடி ஆனது. ஆலமரத்து இடம் ஆலடி, சபை தந்த இடம் சபையடி.

இளையதம்பி விடவில்லை. சொல்லைத் திருத்தி, 'வாவியைக் கடக்கும் மிதவைப் பாதை' என்று விளக்கமாக எழுதி, மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே காட்டி, மறுபடியும் பிரேரணை கொடுத்தார். ஒரு அமர்வில் நேரம் போதவில்லை. ஒரு அமர்வில் செங்கோலைச் சுற்றிச் சண்டை வந்தது. கடைசி அமர்வில் தவிசாளர் அவர் பெயரைக் கூப்பிட்டார். இளையதம்பி எழுந்துவிட்டார். அப்போதுதான் அடுத்த அமர்வில் எடுத்துக்கொள்ளப்படும் என்ற அறிவிப்பு வந்தது. எழுந்த மனுசன் அப்படியே உட்கார்ந்தார்.

இன்றைக்கும் சில விடிகாலைகளில், தான் இன்னும் பாதி எழுந்தபடியே நிற்பதாக அவருக்குத் தோன்றும்.

சனிக்கிழமை கம்சாயினி ஸ்கூட்டியில் வந்தாள். பிரதேச சபை உறுப்பினர், முப்பது வயது, சட்டம் படித்தவள், மூன்று மொழியும் பேசுவாள். சுலோஜனாவுக்குத் தூரத்துச் சொந்தம். வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் போய் அவித்த மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நான் உங்களுக்கு எதிரா நிக்கல்ல. கட்சிதான் என்ர பேரைப் போட்டிருக்கு. நாளைக்கு ஊர் உங்களைச் சொன்னா, உங்கட நோட்டீஸை நான்தான் ஒட்டுவன்."

"ஊர் உன்னைச் சொன்னா?"

"நீங்க ஒட்டுவீங்களா?"

"ஒட்ட மாட்டன். பசை காய்ச்சித் தருவன்."

அவள் சிரித்தாள். போகும்போது தயங்கி நின்று, "ரதீஸ் ஒரு வீடியோ போட்டிருக்கான், பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்திருந்தார். ரதீஸ் இளைஞர் கழகத் தலைவன். வீதியில் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்து தண்ணீரின் விளிம்பில் பிரேக் பிடித்து, 'இந்த றோட்டால நேரப் போனா எங்க போகலாம்? மீனுக்குப் போகலாம்' என்று சொல்லும் வீடியோ. ஊரெல்லாம் பார்த்துச் சிரித்திருந்தது.

அன்று பின்னேரம் அசனாரைத் தொலைபேசியில் பிடித்தார். அசனாருக்கு இப்போது முழங்கால் நோவு, வீட்டோடுதான். குரலில் மட்டும் ஒன்றும் குறையவில்லை.

"கேளு மச்சான். அவனுகள் ரோட்டத்தான் எடுப்பானுகள். நீ முந்திக்க. பார, பாருவ கதய நீயே சொல்லு. டிப்பர் வந்த கதய நீயே சொல்லு. நீ மொதல்ல சிரிச்சிட்டா, அவனுகளுக்குச் சிரிக்க என்ன மிச்சம்?"

"பிறகு?"

"பிறகு, 'விட்ட எடத்துலருந்து தொடங்கப் போறன், இந்த முற பாதயோடதான் வருவன்' எண்டு சொல்லி இரி. கைதட்டுவானுகள். நீ உள்ளுக்குப் போனா நானும் என்ட கட்சியில கேப்பன். வான் இன்னமும் நிக்கிது."

இளையதம்பி அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

கூட்டத்தைச் சபையடியில் வைப்பதென்று ரதீஸ்தான் முடிவுசெய்திருந்தான். குத்தலா, வசதியா என்று இளையதம்பிக்குத் தெரியவில்லை. ஊரில் அவ்வளவு பேர் உட்காரக்கூடிய தரை வேறு இல்லை என்பதும் உண்மை. வீதியின் பாதி அகலத்துக்கு யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள். மற்றப் பாதியில் சனம் உட்கார்ந்திருந்தது. வீதி வாவிக்குள் இறங்கும் இடத்தில் தோணிகள் இழுத்து வைக்கப்பட்டிருந்தன. வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்து எழுவான்கரைத் தென்னைகளில் விழுந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் அவர் வாக்குக் கேட்டுப் போன காலத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். முன்வரிசையில் ரதீஸும் கூட்டாளிகளும். ஓரத்தில் கம்சாயினி. நெல்லோரமாகக் கையில் கோழி விரட்டும் மட்டையோடு சீதேவி. நெல் அவளுடையதுதான்.

இளையதம்பி எழுந்து கும்பிட்டார்.

"உங்களுக்கு என்னைத் தெரியும். இந்த றோட்டையும் தெரியும்," என்று தொடங்கினார். சிரிப்பு எழுந்தது. நல்லது என்று நினைத்தார். "மீனுக்குப் போற றோட்டு." சிரிப்பு கூடியது. ரதீஸ் தலையைக் குனிந்துகொண்டான். "இது எப்பிடி வந்தது எண்டு இண்டைக்கு நானே சொல்றன்."

சொன்னார். மண்டபத்தில் பேசியதைச் சொல் பிசகாமல் சொன்னார். 'பாதை இல்லை. முந்தி ஒரு பாதை இருந்தது. அது தண்ணீரில் தாழ்ந்து கிடக்கிறது.' மொழிபெயர்ப்பாளர் 'பாருவ' என்று சொல்வதற்குப் பதிலாகப் 'பார' என்று சொன்னதைச் சொன்னார். ஊர் தண்ணீரைப் பார்த்து நிற்கப் பின்னால் டிப்பர் வந்ததைச் சொன்னார். நிறுத்தி, சிரிப்புக்கு இடம் விட்டார்.

நெல்லோரத்தில் சீதேவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பின்வரிசையில் நாலைந்து நரைத்த தலைகள் ஒருவர் தோளில் ஒருவர் அடித்துச் சிரித்தன. முன்வரிசை சும்மா இருந்தது. பொடியன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இளையதம்பி கொஞ்சம் தடுமாறினார். முடிவுக்குத் தாவினார்.

"அதால, நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கப் போறன். இந்த முறை கோரைமுனைக்குப் பாதை கொண்டு வராம விடமாட்டன்."

ரதீஸ் கையைத் தூக்கினான்.

"மாமா, குறை நினையாதீங்க. பாதைக்கு மேலதானே இருக்கிறம்?"

இளையதம்பி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். நக்கல் இருக்கிறதா என்று தேடினார். நக்கலுக்கு அவரிடம் மறுமொழி இருந்தது, அசனாரோடு சேர்ந்து தயார்படுத்தி வைத்திருந்தார். ஆனால் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. உண்மையாகவே கேட்டிருந்தான். விளங்காதவன் கேட்பதுபோல, மரியாதையோடு, தான் உட்கார்ந்திருந்த கொங்கிறீட்டை உள்ளங்கையால் தட்டிக் காட்டிக் கேட்டிருந்தான்.

"இது றோட்டு தம்பி. நான் சொல்றது பாதை."

"ரெண்டும் ஒண்டுதானே மாமா?"

அருகில் இருந்த பெட்டை ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "றோட்டுக்குத் தமிழ் பாதைதானே."

சீதேவிக்குப் பொறுக்கவில்லை. "அடியேய், பாதை எண்டா பாதைடி! தண்ணியில போறது! உன்ர கொம்மாவைப் பெறுறதுக்கு உன்ர அம்மம்மா ஏறிப் போனதே அதிலதான்!"

"தண்ணியில போறது தோணிதானே பெரியம்மா?"

மண்டபத்துக் காதுமாட்டிகள் இளையதம்பியின் நினைவுக்கு வந்தன. அவற்றை அழுத்திப் பிடித்தபடி தலையாட்டிய முகங்கள் வந்தன. கண்டியில் படித்தவருக்கு விளங்காத சொல் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். கோரைமுனையில் பிறந்ததுகளுக்கும் விளங்கவில்லை. அவர்கள் கண்திறந்த நாள் முதல் வாவியில் பாதை ஓடியதில்லை. ஓடாத பொருளின் பெயரை யார் வாயில் வைத்திருப்பார்கள்?

கம்சாயினி எழுந்தாள்.

"டேய், மாமா சொல்றது ஃபெரிடா. ஆக்களையும் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு அங்கால போறது. முந்தி இஞ்ச அதைத்தான் பாதை எண்டு சொல்றவங்க. அதைத்தான் மாமா கேட்டவர், அவங்க றோட்டு எண்டு நினைச்சிட்டாங்க. சிங்களத்தில பார, பாருவ. விளங்குதா?"

"ஓ, ஃபெரியா!"

ரதீஸ் முதலில் சிரித்தான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. டிப்பர், கும்பம், நிறுத்தாத மேளம் எல்லாம் இப்போதுதான் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. "மாமா, இது முந்தியே தெரிஞ்சிருந்தா அந்த வீடியோவையே வேற மாதிரிப் போட்டிருப்பன்!" என்றான் ரதீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு. கைதட்டினார்கள். அசனார் சொன்னபடியே எல்லாம் நடந்தது, கொஞ்சம் பிந்தி, இன்னொருவர் வாயால்.

"சரி, அப்ப மாமாவைப் போடுவம்," என்று மீனவர் சங்கத்திலிருந்து குரல் வந்தது. "அந்த மனுசன் எங்களுக்காக அலைஞ்ச மனுசன்."

"ஓம், போடுவம்!"

"ஆனா மாமா," ரதீஸ் மறுபடியும் கையைத் தூக்கினான், "ஃபெரி இப்ப எதுக்கு? மண்முனைப் பாலத்தால சுத்திப் போறம்தானே. நீங்க போனா யானை வேலியைக் கேளுங்க. நேத்தும் மேற்கால வட்டையில மூண்டு பேரின்ர பயிரை மிதிச்சிட்டுப் போயிருக்கு."

"யானை வேலிதான் மாமா!" என்றன பல குரல்கள்.

ஊர் ஓம் என்றுவிட்டது. சங்கம், கழகம், கோயில், எல்லாம். எத்தனையோ வருடங்களாக விரும்பியது அந்தக் கொங்கிறீட் தரையில் அவர் காலடியில் வந்து கிடந்தது. எடுத்துக்கொள்ள ஒரு வார்த்தை போதும். இளையதம்பி வாவியைப் பார்த்தார். அந்தப் பழைய இரும்புத் துண்டு இப்போது தெரியவில்லை. வீதி அதற்கு மேலாலேயே போயிருந்தது.

வட்டை விதானையாக இருந்த காலத்தில் தண்ணீர் முறை முடிந்த வயலின் வாய்க்காலை அவரே போய் மண்வெட்டியால் அடைப்பார். வயல்காரன் இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவான். சொந்த மச்சானுக்கும் அடைத்திருக்கிறார்.

"எல்லாருக்கும் பெரிய உபகாரம்," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. "என்ர பேரைப் போடாதீங்க. கம்சாயினி போகட்டும். நான் சொன்னதும் அவளுக்கு விளங்கினது, நீங்க கேட்டதும் அவளுக்கு விளங்குது. எனக்கு ஒண்டுதான் விளங்கினது."

"மாமா!" என்றாள் கம்சாயினி. அவள் முகம் ஒருமாதிரிப் போய்விட்டது.

"பசை காய்ச்சித் தாறன் எண்டு சொன்னன்தானே புள்ள. சொன்னா சொன்னதுதான்."

சனம் மறுபடியும் சிரித்தது. அவர் உட்கார்ந்தார். இந்த முறை முழுவதுமாக உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் டவுனுக்குப் போய்ச் செயலாளரிடம் நேரில் சொல்லிவிட்டுத் திரும்பினார். பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டி, காத்தான்குடியின் பேரீச்சை மரங்களைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அசனார் தொலைபேசியில் கூப்பிட்டார். செய்தி ஏறாவூர் வரைக்கும் போயிருந்தது.

"கையில தந்தத உட்டுட்டியா? அப்ப நான் ஆரோட சண்ட புடிக்கிற?"

"கம்சாயினியோட பிடி."

"அந்தப் புள்ள சட்டம் படிச்ச புள்ள. என்ன உரிச்சிரும்." அசனார் சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "மச்சான், தேர்தல் வந்தாலும் வராட்டியும் ஒரு நாளக்கி வாகரைக்குப் போவமா? நெறய நாளாகுது. அந்த எடத்துல சும்மா நிப்பாட்டிப் பாத்துட்டு வருவம்."

"மகனை வானை எடுக்கச் சொல்லு. வாறன்."

பஸ் மண்முனைப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் வாவி விரிந்து கிடந்தது. கண்டக்டர் புது ஆள், காரைதீவுப் பக்கத்தவன் போலிருந்தது.

"ஐயா எவடத்த?"

"சபையடி."

"சபையடி ஒண்டு!" என்று முன்னால் பார்த்துக் கத்திவிட்டு மிச்சக் காசைக் கொடுத்தான். பக்கத்தில் இருந்த பயணி ஒருவர் அவனிடம் கேட்டார்: "அதுக்கு ஏன் தம்பி சபையடி எண்டு பேர்? அங்க சபை ஒண்டையும் காணல்லையே."

"ஆருக்கு அண்ணன் தெரியும்? முந்தி அதில ஏதும் சபை இருந்திருக்கும்."

"ஓம் தம்பி," என்றார் இளையதம்பி. "இருந்தது."

சபையடியில் இறங்கினார். வீதி முழுவதும் நெல். சந்தியிலிருந்து தண்ணீர் வரைக்கும், இந்த முறை அகலம் முழுவதற்கும், மஞ்சளாகப் பரந்து கிடந்தது. ஓரமாக விளிம்பு பார்த்து நடக்கலாமா என்று அவர் நின்று யோசித்தார். வேலியோரத்து நிழலில் இருந்து சீதேவி குரல் கொடுத்தாள்.

"நெல்லில மிதிச்சிப் போடாதீங்க அண்ணன். நடுவால ஆக்கள் போக வர விட்டிருக்கன், பாருங்க. அந்தப் பாதையால வாங்க."

"எந்தப் பாதையால?"

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு மட்டையைப் போட்டுவிட்டு, நிழலுக்குள் இருந்தபடியே, சத்தம் போட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

இளையதம்பி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அதன் வழியாக நடந்தார்.